கம்பஸுக்கு வாற தம்பி தங்கச்சிமாருக்கு: ஆரோட எப்பிடிப் பழகிறது

ஏ.எல். சோதினையின்ர இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வந்து, யாழ்ப்பாண கம்பஸ் எண்டு பேர் விழுந்து, இப்ப பெட்டி கட்டிக்கொண்டு இருக்கிற ஆக்களுக்குத்தான் இது. எந்த லாப்டொப் நல்லம், எந்தப் பாடம் லேசு எண்டு சொல்ல கனபேர் இருக்கினம். ஆக்களோட எப்பிடிப் பழகிறது எண்டுதான் ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. தொடக்கத்தில ஒழுக்க விதி எண்டு ஒரு புத்தகம் கையில தருவினம், அதை மேசை லாச்சிக்குள்ள போட்டா நாலு வருசமும் அது லாச்சிக்குள்ளதான்.

என்ர கருத்தை முதலே சொல்லிப்போடுறன். மேல இருக்கிற ஆளுக்கு மரியாதை குடுக்க எங்கட சனத்துக்கு ஆரும் பழக்கத் தேவையில்ல, சேர் வந்தா எழும்புவம், பெரியாக்களைக் கண்டா மடிச்சுக் கட்டின சாரத்தை அவிழ்த்து விடுவம், அது ரத்தத்தில ஊறினது. பக்கத்தில இருக்கிறவனோடயும், எங்களுக்குக் கீழ எண்டு நாங்களா நினைச்சு வச்சிருக்கிற ஆக்களோடயும்தான் எங்களுக்குச் சரிவாறேல்ல. அதால இதில கூடுதலா அந்தப் பக்கம்தான் எழுதியிருக்கிறன், லெக்சரரைக் கண்டா கும்பிடுங்கோ எண்டெல்லாம் எழுதேல்ல.

முதல் இடத்தைக் கொஞ்சம் தெரிஞ்சு வையுங்கோ. திருநெல்வேலி இராமநாதன் வீதி வளாகம் சேர் பொன். இராமநாதன் தொடக்கின பரமேஸ்வராக் கல்லூரி இருந்த காணி. 1974 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ர யாழ்ப்பாண வளாகமாத் தொடங்கி, பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவரா இருந்து, 1979 இல தனிப் பல்கலைக்கழகமா மாறினது. உள்ளுக்கு ஒரு சிவன் கோயில் இருக்கு. கும்பிடுற ஆக்கள் செருப்பைக் கழட்டிப்போட்டுப் போய்க் கும்பிடுங்கோ, கும்பிடாத ஆக்களை, கிறிஸ்தவப் பிள்ளையளை, முஸ்லிம் பிள்ளையளை "வா மச்சான் ஒருக்கா வந்து திருநீறு பூசு" எண்டு கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. பட்ச் பூசை எண்டு காசு சேர்க்கேக்கயும் இதேதான், தராத ஆளின்ர பேரை குறூப்பில போட்டு கேக்கிற வேலை வேண்டாம்.

முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் உள்ளுக்குத்தான் இருக்கு. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு இடிச்சது, பெடியள் கேற்றடியில உண்ணாவிரதம் இருந்தது, அந்த வருசம் ஏப்ரலில திரும்பக் கட்டித் திறந்தது எல்லாம் உங்களுக்குச் செய்தியாத் தெரிஞ்சிருக்கும். உங்களோட படிக்கிற சிலருக்கு அது செய்தி இல்ல, வீட்டுக் கதை. அதில ஏறி இருந்து ரோல்ஸ் சாப்பிடுறது, இரண்டு விரலைக் காட்டி செல்பி எடுக்கிறது எல்லாம் வேண்டாம்.

இனி ஆக்களுக்கு வருவம்.

உங்களுக்கு முதல் வருசம் கூடுதலா உதவப்போற ஆக்கள் பேராசிரியர்மார் இல்ல. கேற்றில நிக்கிற செக்யூரிட்டி அண்ணை, லாப்பில சாமான் எடுத்துத் தாறவர், ஒபிசில உங்கட பைல் எங்க கிடக்கு எண்டு தெரிஞ்ச அக்கா, காலமை ஆறரைக்கே வந்து லெக்சர் ஹோல் கூட்டுற அம்மா. இவையின்ர பேரைக் கேட்டு வையுங்கோ. "இஞ்ச கூட்டுற மனிசி" எண்டு சொல்லாம அம்மா எண்டோ அக்கா எண்டோ கூப்பிடுங்கோ. ஒபிஸ் வாசலில நிண்டு "ஹலோ" எண்டு விரல் சொடுக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, இரண்டாம் வருசம் வந்தோண்ண அது இன்னும் கூடும், ஏனெண்டு விளங்கேல்ல. கன்ரீனில சாப்பிட்டா லஞ்ச் ஷீற்றை நீங்களே மடிச்சு வாளிக்குள்ள போடுங்கோ, மிச்சச் சோறும் முருங்கைக்காய்ச் சக்கையும் மேசையில பரவிக் கிடந்தா அதை கையால வழிக்கிறதும் ஆரோ ஒருத்தற்ற அம்மாதான்.

சரி, கொஞ்சம் வில்லங்கமான விசயம். முதல் கிழமை கன்ரீனில எல்லாரும் கேக்கிற கேள்வி "நீர் எந்த இடம்?" எண்டது. அதில ஒரு பிழையும் இல்ல. மற்றவர் மானிப்பாய் எண்டோ கரவெட்டி எண்டோ பூநகரி எண்டோ சொன்னா அதோட கதை முடியோணும். முடியாம "மானிப்பாயில எந்தப் பக்கம்?", "எந்தக் கோயிலடி?", "அம்மாவின்ர ஊர் எது?", "அப்பா என்ன வேலை?" எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வருது எண்டா கேக்கிறவருக்கு என்ன தெரிய வேணும் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும், பதில் சொல்லுற பிள்ளைக்கு எல்லாரையும் விட நல்லாத் தெரியும். வெளியால சாதி எண்ட சொல்லை ஒருத்தரும் வாயில எடுக்க மாட்டினம், ஆனா கோயிலடியைக் கேட்டாப் பிறகு அடுத்த நாள் ஆரோட ஆர் இருந்து சாப்பிடுறது எண்டது மாறியிருக்கும். இது மெல்ல மெல்லக் குறைஞ்சு வருது எண்டு சொல்லுவினம், குறைஞ்சதுதான், ஆனா இல்லாமப் போகேல்ல.

செய்யிறது என்னெண்டா, இடம் கேட்டா ஊர்ப் பேரோட நிப்பாட்டுங்கோ. உங்களிட்ட ஆரும் தோண்டித் தோண்டிக் கேட்டா "ஏன், வீட்டை வரப்போறீரோ?" எண்டு சிரிச்சுக்கொண்டே கேளுங்கோ, அதோட முக்காவாசிப் பேர் நிப்பாட்டிப்போடுவினம். உங்களுக்கு முன்னால வேற ஒரு பிள்ளையிட்ட இப்பிடிக் கேட்டுக்கொண்டு இருந்தா சும்மா பாத்துக்கொண்டு இருக்காம கதையை மாத்துங்கோ, அசைன்மென்ட் எப்ப குடுக்கிறது எண்டு கேளுங்கோ, என்னவாவது கேளுங்கோ. அந்தப் பிள்ளை உங்களை மறக்காது.

பேச்சு வழக்கும் அப்பிடித்தான். மட்டக்களப்புப் பிள்ளை பிறகு எண்டதுக்கு "மறுகா" எண்டு சொன்னோண்ண சிரிக்கிறது, மலையகத்தில இருந்து வாற பிள்ளையளின்ர கதையை அப்பிடியே திருப்பிச் சொல்லி நக்கல் அடிக்கிறது, இதெல்லாம் பகிடி எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம். ஒருக்காச் சொன்னா பகிடி, நாலு வருசம் அதையே சொன்னா அந்தப் பிள்ளை பிரசென்டேசனுக்கு எழும்பவே யோசிக்கும். "தோட்டக்காட்டான்" எண்ட சொல்லைப் பற்றி விளக்கம் ஒண்டும் எழுதேல்ல, அதை வாயிலயே எடுக்காதேங்கோ, அவ்வளவுதான். கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்துக்குப் போற எஞ்சினியரிங், விவசாயம், ரெக்னோலஜி ஆக்களுக்கு இன்னும் ஒண்டு, "வன்னியில கிடந்து காயிறம்" எண்டு கடையில, பஸ்ஸில நிண்டு சத்தமாப் புலம்பாதேங்கோ, பக்கத்தில நிக்கிற சனம் அங்கதான் எல்லாத்தையும் இழந்திட்டு திரும்பக் குடியேறி இருக்கிற சனம்.

சிங்களப் பிள்ளையளோட படிக்கிறதுதான் கனபேருக்குப் புதுசு. விஞ்ஞானம், மருத்துவம், எஞ்சினியரிங் எண்டு போனா பட்ச்சில கணிசமான ஆக்கள் காலி, குருநாகல், கண்டி எண்டு தூரத்தில இருந்து வந்தவை, வீட்டை விட்டு முதல் தரம் வெளிக்கிட்டு, ஒரு போர்ட் கூட வாசிக்கத் தெரியாத ஊருக்கு. நீங்கள் மாத்தறைக்கு கம்பஸ் கிடைச்சுப் போயிருந்தா என்ன பாடுபட்டிருப்பியள் எண்டு யோசிச்சுக்கொண்டு தொடங்குங்கோ. அவை மேசையில இருக்கேக்க தமிழில அவையைப் பற்றியே கதைச்சுச் சிரிக்கிறது சரியான கேவலம், அதோட ஆறு மாதத்தில அவைக்கு நீங்கள் நினைக்கிறதை விடக் கூட விளங்கும். பட்ச் வட்ஸப் குறூப்பில லெக்சர் நேரம் மாறினா தமிழில வொய்ஸ் போட்டிட்டு விடாம இங்கிலிசில இரண்டு வரி அடியுங்கோ, உடைஞ்ச இங்கிலிஸ் எண்டாலும் காணும், அவையின்ரயும் உடைஞ்ச இங்கிலிஸ்தான். றூம் தேடேக்க ஒருத்தர் கூடப் போங்கோ, வீட்டுக்காரரோட கதைக்கிறதுக்கு. சிலபேர் வீட்டுக்காரர் முடியாது எண்டு சொல்லுவினம், அதை நீங்கள் மொழிபெயர்க்கேக்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ.

நிகழ்ச்சி வைக்கிறதில கவனம். 2016 யூலையில விஞ்ஞானபீட வரவேற்பு நிகழ்வில சிங்கள ஆக்களின்ர கண்டிய நடனம் சேர்க்கிறதா இல்லையா எண்ட பிரச்சினை தமிழ், சிங்களப் பெடியளுக்குள்ள அடிபாடாகி, ஆஸ்பத்திரி வரைக்கும் போய், கொஞ்ச நாள் வகுப்பும் நிண்டது. அதில ஆர் சரி ஆர் பிழை எண்டு இண்டைக்கும் வாதாடுற ஆக்கள் இருக்கினம். நான் சொல்லுறது நடைமுறை விசயம்: மேளம், நடனம், விளக்கு, பாட்டு, எது முதல், எது பிறகு எண்டு இரண்டு பக்க ஆக்களும் பீடாதிபதி ஆக்களோட இருந்து ஒரு கிழமைக்கு முதலே கடதாசியில எழுதி ஒப்புக்கொள்ளுங்கோ. வாசலில வச்சுத் தீர்மானிச்சா அது தீர்மானமா இராது, சண்டையாத்தான் இருக்கும்.

முஸ்லிம் பிள்ளையளோட குறூப் வேர்க் செய்தா வெள்ளிக்கிழமை மத்தியானம் மீற்றிங் போடாதேங்கோ, ஜும்மாத் தொழுகை. நோன்பு மாதத்தில பின்னேரம் ஆறு மணிக்கு "இன்னும் பத்து நிமிசம்தான்" எண்டு இழுத்து வச்சிருக்காதேங்கோ, நோன்பு திறக்கப் போகோணும். இன்னொண்டு, புத்தளம் எண்டு சொல்லுற பிள்ளையை "ஓ புத்தளமோ, யாழ்ப்பாணம் புதுசா?" எண்டு கேக்க முதல் ஒருக்கா யோசியுங்கோ. 1990 ஒக்டோபரில புலிகள் வடக்கில இருந்த முஸ்லிம் சனம் எல்லாரையும் வெளியேத்தினவை, யாழ்ப்பாண ரவுணில இருந்த சனத்துக்குச் சில மணித்தியாலம்தான் குடுத்தது, கனபேர் போய்ச் சேர்ந்தது புத்தளம். அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் உங்களை விட யாழ்ப்பாணத்து ஆக்களா இருக்கலாம்.

பகிடிவதைக்கு, அதுதான் ராகிங்குக்கு, வருவம். நீங்கள் ஜூனியரா இருக்கிற நேரம் இது பயம், சீனியரா ஆனாப் பிறகு இது பாரம்பரியம், அதுதான் இதின்ர பிரச்சினை. பழகத்தானே செய்யிறம், பட்ச் ஒற்றுமைக்குத்தானே எண்டு சொல்லுவினம். பேரைக் கேக்கிறது, ஊரைக் கேக்கிறது, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுறது எண்டு தொடங்கும், நீர் சிரிச்சுக்கொண்டு பாடினா அடுத்தது இந்த நிறச் சேர்ட்தான் போடோணும், போன் எடுத்தா முதல் றிங்கிலயே தூக்கோணும், இரவு பதினொரு மணிக்கு போர்டிங்குக்கு வா எண்டு போகும். எங்க நிப்பாட்டுறது எண்டா, வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு இடம் இல்லாமப் போற இடத்தில. ஒருத்தர் அண்ணா, அக்கா எண்டு கூப்பிடச் சொன்னா கூப்பிடுங்கோ, எங்கட ஊரில பஸ் கொண்டக்டரையும் அண்ணை எண்டுதானே கூப்பிடுறம், அதால ஒண்டும் குறையாது. கூப்பிடாட்டி அடிப்பன் எண்டு சொல்லுறவரை அண்ணா எண்டு கூப்பிட ஒரு தேவையும் இல்ல.

சட்டம் என்ன சொல்லுது எண்டு இரண்டு பகுதியும் தெரிஞ்சு வையுங்கோ. 1997 இல பேராதனையில எஞ்சினியரிங் படிச்ச ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால சிறுநீரகம் பழுதாகிச் செத்தவன், அதுக்கு அடுத்த வருசம் வந்ததுதான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதை செய்தா, அதில பங்குபற்றினாலும் கூட, 2 வருசம் வரைக்கும் கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ எண்டா 10 வருசம் வரைக்கும் போகும். கம்பஸ் மதிலுக்கு வெளியால, போர்டிங்கில வச்சுச் செய்தாலும் அதே சட்டம்தான், "உள்ளுக்குள்ள ஒண்டும் செய்யேல்லையே" எண்ட கதை எடுபடாது. பங்குபற்றினாலும் எண்ட சொல்லை வடிவா வாசியுங்கோ, சுத்தி நிண்டு கை தட்டி வீடியோ எடுத்த ஆளும் தனக்கு ஒண்டும் இல்ல எண்டு சொல்லிக்கொண்டு திரியேலாது.

முறைப்பாடு குடுக்கிறதெண்டா இப்பிடிச் செய்யுங்கோ. நடந்த அண்டைக்கே போனில ஒரு நோட் எழுதுங்கோ: திகதி, நேரம், எந்த இடம், ஆர் ஆர் நிண்டது, என்ன சொன்னது எண்டு சொன்ன சொல்லாவே. பேர் தெரியாட்டி உயரம், மோட்டசைக்கிள் நம்பர், எந்த வருசம் எண்டு. மெசேஜ், கோல் லொக் எல்லாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில நம்பிக்கையான ஒராளுக்கு அனுப்பி வையுங்கோ, உங்கட போனைப் பறிச்சு அழிச்சாலும் அங்க இருக்கும். பிறகு மாணவ ஆலோசகர், இல்லாட்டி பீடாதிபதி, தனியப் போகப் பயம் எண்டா ஒரு பிரண்டோட. உள்ளுக்குச் சொல்ல நம்பிக்கை இல்ல எண்டா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்லைனில நேரடியா முறையிடலாம், அடி உதை எண்டா பொலிஸ், காயம் இருந்தா முதல் ஆஸ்பத்திரி, அங்க எப்பிடி வந்தது எண்டு உண்மையைச் சொல்லுங்கோ, "விழுந்திட்டன்" எண்டு சொல்லாதேங்கோ. அம்மா அப்பாவுக்குச் சொன்னா படிப்பை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயந்து ஒளிக்கிற பிள்ளையள்தான் கூட, குறிப்பாப் பெண்பிள்ளையள். ஒளிக்காதேங்கோ.

அடுத்த வருசம் நீங்கள் சீனியரா வருவியள். அப்ப ஜூனியரோட பழக விருப்பமெண்டா பழைய பேப்பரைக் குடுங்கோ, லாப் கோட் குடுங்கோ, எந்த வீட்டில ஆன்ரி நல்லாச் சமைப்பா எண்டு சொல்லுங்கோ. அதை விடப் பெரிய பழக்கம் இல்ல.

ஆண் பெண் விசயத்தில சுருக்கமா. லவ் சொல்லுறது பிழை இல்ல, ஒருக்காச் சொல்லுங்கோ, இல்ல எண்டா இல்லத்தான். அதுக்குப் பிறகு ஹொஸ்டல் வாசலில நிக்கிறது, பட்ச் முழுக்க சேர்ந்து அந்தப் பிள்ளை வரேக்க உங்கட பேரைச் சொல்லிக் கத்துறது, வேற நம்பரில இருந்து மெசேஜ் போடுறது எல்லாம் காதல் இல்ல, தொந்தரவு. தண்டனைச் சட்டக்கோவை 345 ஆம் பிரிவில பாலியல் தொந்தரவுக்கு 5 வருசம் வரைக்கும் சிறை இருக்கு, சொல்லாலயோ செயலாலயோ தொந்தரவு குடுத்தாலும் அதுக்குள்ள வரும். பட்ச் ட்ரிப்பில கசூரினா பீச்சில எடுத்த படத்தை, ஈர உடுப்போட நிக்கிற பிள்ளையின்ர படத்தை, கேக்காம குறூப்பில போடாதேங்கோ. குறூப்பில வந்தது எண்டு வேற குறூப்புக்குத் தள்ளாதேங்கோ. பெடியள் மட்டும் இருக்கிற குறூப் எண்டு ஒண்டு எல்லா பட்ச்சிலயும் இருக்கும், அதில ஆரும் இப்பிடிப் போட்டா "எடு மச்சான் அதை" எண்டு ஒராள் அடிச்சாலே காணும், அந்த ஒராள் நீங்களா இருங்கோ.

லெக்சரருக்கு மெசேஜ் போடுறதைப் பற்றியும் கேப்பினம். "ஹாய் சேர், இண்டைக்கு லெக்சர் இருக்கா" எண்டு இரவு பத்தரைக்கு போடாதேங்கோ. பேர், பதிவிலக்கம், எந்தப் பாடம், என்ன வேணும், இவ்வளவையும் ஒரே மெசேஜில போடுங்கோ: "வணக்கம் சேர், நான் முதலாம் வருசம், பதிவிலக்கம் இது, வியாழக்கிழமை பிரக்டிக்கலுக்கு காய்ச்சலால வரேலாமப் போட்டுது, மெடிக்கல் எடுத்து வச்சிருக்கிறன், எப்ப கொண்டுவந்து தரலாம்?" எண்டு. அவ்வளவுதான், "தயவுகூர்ந்து" எண்டு நாலு தரம் எழுதத் தேவையில்ல. வராத பிரண்டுக்கு சைன் வைக்கிறதை உதவி எண்டு நினைக்காதேங்கோ, 80 வீத வரவு இல்லாட்டி சோதினை எழுத விடமாட்டினம் எண்டது உண்மை, ஆனா பிடிபட்டா இரண்டு பேருக்கும் விசாரணை. அசைன்மென்ட் கொப்பி அடிக்கிறதும் இப்ப ஏஐயில எழுதி அப்பிடியே குடுக்கிறதும் ஒண்டுதான், எடுத்த இடத்தைச் சொன்னா களவு இல்ல, சொல்லாட்டி களவு. லைப்ரரியில புத்தகத்தில பக்கம் கிழிக்கிற ஆக்களுக்கு ஒண்டும் சொல்ல மனம் வருகுதில்ல, 1981 இல நூலகம் எரிஞ்ச ஊரில இருந்துகொண்டு சோதினைக்கு எண்டு நாலு பக்கத்தைப் பிளேட்டால வெட்டுறது எந்த மனசோ.

கடைசியா போர்டிங். கொக்குவில், திருநெல்வேலி, கலட்டிப் பக்கம் கனக்க வீடுகளில மேல்மாடியோ பின்பக்க அறையோ பிள்ளையளுக்குத்தான் வாடகைக்கு விடுகினம், கம்பஸைச் சுத்தி இருக்கிற அந்த ஒழுங்கையளுக்கு நீங்கள்தான் பல்கலைக்கழகம். வாடகைக்கு எடுக்க முதல் கேக்க வேண்டியதைக் கேளுங்கோ: மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமோ, வெள்ளிக்கிழமை எப்பிடி, இரவு எத்தினை மணிக்கு கேற் பூட்டுறது, கரண்ட் பில் எப்பிடிப் பிரிக்கிறது. சைவ வீடு எண்டா வெள்ளிக்கிழமை கோழிக் கொத்தைக் கட்டிக்கொண்டு உள்ளுக்குப் போகாதேங்கோ, வெளியால சாப்பிட்டு வாங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் சில வீடுகளில விரதம், அப்ப குசினிப் பக்கம் கேட்டுத்தான் போகோணும். சிங்களப் பிள்ளையள் உங்களோட இருந்தா இதை நீங்கதான் சொல்லிக் குடுக்கோணும், தெரியாமச் செய்தாப் பிறகு ஆன்ரி உங்களுக்குத்தான் ஏசுவா.

கிணத்தடியில ஆரும் குளிச்சுக்கொண்டு நிண்டா அந்தப் பக்கம் போகாம ஒருக்காச் செருமிப் போட்டு நில்லுங்கோ. மோட்டரைப் போட்டிட்டு போன் பாத்துக்கொண்டு இருந்து டாங்க் வழிய விடாதேங்கோ, கோடையில இஞ்ச தண்ணிக்கு என்ன விலை எண்டு பக்கத்து வீட்டைக் கேட்டா சொல்லுவினம். சைலன்சரைக் கழட்டின மோட்டசைக்கிளை இரவில ஒழுங்கைக்குள்ள முறுக்காதேங்கோ, வயசான சனம் படுத்திருக்கும். வீடு மாறுறதெண்டா ஒரு மாதத்துக்கு முதலே சொல்லி, கரண்ட் பில்லைக் கட்டி, சுவரில அடிச்ச ஆணியைப் புடுங்கி, திறப்பை ஆன்ரியின்ர கையில நேராக் குடுங்கோ, பூச்சாடிக்குக் கீழ வச்சிருக்கிறன் எண்டு மெசேஜ் போட்டிட்டு பஸ் ஏறாதேங்கோ. அடுத்த பட்ச்சுக்கு அந்த அறை கிடைக்கிறதும் கிடைக்காததும் அதிலதான் இருக்கு.